இறைச்சிக் கூடத்திலிருந்து அடுப்புக்கு

ஓர் ஆட்டை அறுத்து உரித்தால், உயிர் எடையில் ஏறக்குறையப் பாதிதான் கறியாகத் தராசில் ஏறும். மீதியில் பெரும்பகுதிக்கும் தமிழ்நாட்டில் ஆள் உண்டு. தலையும் காலும் தனித்தனியாக விலைபோகும். ஈரல், நுரையீரல், குடல் எல்லாம் வீட்டுச் சமையலுக்குப் போய்விடும். ரத்தத்தைப் பொரியலுக்கென்று பாத்திரத்தோடு வந்து வாங்கிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தோல் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் போகிறது. யாரும் கேட்காமல் தரையில் மிஞ்சுவது இரைப்பைக்குள் அரைகுறையாகச் செரித்த தழை, குடல் அலசிய நீர், விற்காமல் உறைந்துபோன ரத்தம், கொழுப்புத் துணுக்குகள், ரோமம், தரை கழுவிய நீர் ஆகியவைதான். ஒரு வெள்ளாட்டின் இரைப்பையில் 3 முதல் 5 கிலோ வரை இப்படித் தழைக்கூழ் இருக்கும். மாட்டின் இரைப்பையில் அது 30 கிலோவைத் தாண்டும், சில மாடுகளில் 50 கிலோவைக்கூட எட்டும். கோழிக்கடையில் கணக்கு வேறு. அங்கே உயிர் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாகக் குடலும் இறகும் தலையும் காலுமாக ஒதுக்கப்படுகிறது, அதை வாங்க ஆளும் குறைவு.

இந்த மிச்சம் இன்று பெரும்பாலான ஊர்களில் வாய்க்காலுக்கோ ஏரிக்கரைக்கோ புறவழிச்சாலை ஓரத்துக்கோ போகிறது. கோழிக்கழிவை மூட்டை கட்டி இரவில் கொட்டிவிட்டுப் போகும் வண்டிகளைப் பற்றித் தென்காசி, கன்னியாகுமரி, கோவை எல்லையோர ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லி வருகிறார்கள். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கள்ளத்தனமாக வளர்க்கும் குட்டைகளுக்குத் தீவனமாகப் போவதும் இதுவே. நீர்நிலையில் கலக்கும்போது எல்லாவற்றிலும் மோசமானது ரத்தம். வீட்டுச் சாக்கடை நீரைச் சிதைக்க லிட்டருக்குச் சுமார் 300 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைப்படும் என்றால், ரத்தத்துக்கு அந்தத் தேவை 1,50,000 மில்லிகிராமுக்கு மேல். ஒரு லிட்டர் ரத்தம் வாய்க்காலில் இறங்குவது 500 லிட்டர் சாக்கடையைத் திறந்துவிடுவதற்குச் சமம். மீன் செத்து மிதப்பதற்கு நஞ்சு எதுவும் கலக்க வேண்டியதில்லை. நீரில் இருந்த காற்றை நுண்ணுயிர்கள் இழுத்துக்கொண்டாலே போதும்.

வாய்க்காலைக் கெடுக்கும் அதே குணம்தான் எரிவாயுவாகவும் ஆகிறது. காற்றுப் புகாத கலனில் இந்தக் கழிவு சிதையும்போது ஆக்சிஜனுக்கு வேலை இல்லை. ஒருவகை நுண்ணுயிர்கள் மாவுச்சத்தையும் புரதத்தையும் கொழுப்பையும் உடைத்துக் கரைக்கின்றன. அடுத்த கூட்டம் அவற்றை அமிலங்களாக மாற்றுகிறது. கடைசிக் கூட்டம் அமிலங்களை மீத்தேனாகவும் கரியமில வாயுவாகவும் முடிக்கிறது. ஒரு கிலோ ஆக்சிஜன் தேவையுள்ள கழிவு இப்படிச் சிதைந்தால் 0.35 கன மீட்டர் மீத்தேன் கிடைக்கும் என்பது இத்துறையின் அடிப்படைக் கணக்கு. மாசு எவ்வளவோ, அவ்வளவுக்கு வாயு. பொருள்வாரியாகப் பார்த்தால், காய்ந்த எடையில் ஒரு கிலோ மாவுச்சத்து 0.4 கன மீட்டரும், புரதம் 0.5 கன மீட்டரும், கொழுப்பு ஏறக்குறைய 1 கன மீட்டரும் மீத்தேன் தரக்கூடியவை. மாட்டுச்சாணம் மாடு ஏற்கெனவே சத்தெல்லாம் எடுத்துக்கொண்டு விட்ட மிச்சம். அதனோடு ஒப்பிட்டால் இறைச்சிக் கூடக் கழிவு மிக வளமான தீனி. அந்த வளமே அதன் ஆபத்தும்கூட. சாண எரிவாயுக் கலனை நடத்திப் பழகியவர்கள் அதே கையோடு இதையும் நடத்திவிடலாம் என்று இறங்கி, மூன்றாம் மாதத்தில் கலன் நுரைத்து நாறி நின்றுபோவதைப் பார்ப்பது இதனால்தான்.

இந்தத் தொழிலில் வெற்றி தோல்வி கலனுக்குள் தீர்மானமாவதில்லை. அறுக்கும் தரையில், முதல் அரைமணி நேரத்தில் தீர்மானமாகிறது. பொறியாளர்கள் வரைபடத்தில் கலனைப் பெரிதாகவும் சேகரிப்பை ஒற்றை அம்புக்குறியாகவும் போடுவார்கள். நடைமுறையில் உழைப்பும் செலவும் அக்கறையும் வேண்டியிருப்பது அந்த அம்புக்குறியில்தான்.

பெரும்பாலான நகராட்சி ஆட்டுத்தொட்டிகளில் வேலை விடியுமுன் தொடங்குகிறது. மூன்று நான்கு மணிக்கு முதல் ஆடு அறுபடும். ஏழு மணிக்குள் கறி கடைகளுக்குப் போய்விட வேண்டும். அந்த அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே குழாய் நீரால் ஒரே சாக்கடைக்குத் தள்ளிவிடுவதுதான் பழக்கம். எரிவாயுவுக்கு இது ஆகாது. ரத்தம் சில நிமிடங்களில் உறையத் தொடங்கிவிடும். உறைந்த கட்டி பம்ப்பின் வாயில் போய் அடைக்கும். எனவே ரத்தம் வடியும் இடத்துக்குத் தனிச் சரிவும் தனித் தொட்டியும் வேண்டும், அதைக் கட்டியாகுமுன் கலக்கிவிட வேண்டும். இரைப்பையைக் குழாய் நீரில் பிளக்காமல் உலர்வாகப் பிளந்து கூழைத் தள்ளுவண்டியில் கொட்டினால், ஆட்டுக்குச் செலவாகும் நீர் வெகுவாகக் குறையும், கழிவுநீரின் பளுவும் குறையும். அறுப்புக்கு முந்தைய இரவு தீவனத்தை நிறுத்தித் தண்ணீர் மட்டும் கொடுத்தால் இரைப்பைக் கூழே குறைந்துவிடும். விலங்குகளை அறுப்புக்கு முன் ஓய்வில் வைக்க வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக் கூட விதிகள் சொல்கின்றன. அதைக் கடைப்பிடிக்கும் கூடங்களில் கலன் நடத்துபவரின் வேலையும் எளிதாகிறது.

ஊர்த் தெருவில் மேய்ந்த மாட்டின் இரைப்பையைப் பிளக்கும்போது வெளிவருவதை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். பிளாஸ்டிக் பைகள் தனித்தனியாக இருப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் புரண்டு புரண்டு, கயிற்றோடும் துணியோடும் பின்னிக்கொண்டு, பாசிபிடித்த ஒரு பெரிய உருண்டையாக இறுகியிருக்கும். கையால் பிரிக்கப் போனால் நீளநீளமாக இழுபடும். சில உருண்டைகளில் ஆணியும் கம்பித்துண்டும் சொருகியிருக்கும். அந்த மாடு எப்படி நடமாடியது என்று கேட்கத் தோன்றும். இது கலனுக்குள் போனால் கலக்கும் விசிறியின் தண்டில் சுற்றிக்கொண்டு அதை முறித்துவிடும். இதை எந்த இயந்திரமும் முழுதாகப் பிரித்துவிடாது. பொறுக்கி எடுக்கப் பழகிய ஆள் ஒருவர் வேண்டும், அவருக்கு நல்ல கையுறையும் முறையான சம்பளமும் வேண்டும். திட்ட மதிப்பீடுகளில் இந்த ஆளின் சம்பளம்தான் முதலில் வெட்டப்படுகிறது, அப்படி வெட்டிய இடங்களில் கலன் நின்றும் போகிறது.

இறகையும் ரோமத்தையும் கொம்பையும் கலனுக்குள் விடக்கூடாது. அவற்றிலுள்ள கெரட்டின் என்ற புரதம் லேசில் சிதையாது. மிதந்து மேலே பாய் பின்னிவிடும். எலும்பு அடியில் போய்ப் படியும். தரையிலிருந்து வரும் மணலும் அப்படியே. கலனுக்கு முன்னால் ஒரு சல்லடை, ஒரு மணல் தொட்டி, கொழுப்பைத் தனியே தேக்கும் ஒரு பொறித் தொட்டி, கொழுப்பும் குடலும் அரைபட ஓர் அரைவை இயந்திரம் என்ற வரிசை பெரிய கூடங்களில் வழக்கம். தேக்கிய கொழுப்பை வீசிவிட வேண்டியதில்லை. அளவாக, நாள்தோறும் கொஞ்சமாகத் திரும்பச் சேர்த்தால் வாயுவைக் கூட்டித் தருவது அதுவே.

கலனைத் தொடங்குவதற்குப் பொறுமை வேண்டும். பாலுக்கு உறை குத்துவதுபோல், ஏற்கெனவே நன்றாக நடக்கும் சாண எரிவாயுக் கலனின் கரைசலையோ புதுச் சாணத்தையோ முதலில் நிரப்பி, வாயு எரியத் தொடங்கிய பிறகே இறைச்சிக் கழிவைச் சேர்க்க ஆரம்பிக்க வேண்டும். முதலில் இரைப்பைக் கூழ். அது சாணத்துக்கு நெருங்கிய பொருள், கலனிலுள்ள நுண்ணுயிர்களுக்கு அந்நியமில்லை. சில வாரம் கழித்துக் குடலும் ரத்தமும். கடைசியாகக் கொழுப்பு. மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் மெல்லப் பெருகுபவை. அமிலம் தருபவை விரைந்து பெருகுபவை. தீனியை ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால் அமிலம் தேங்கும், மீத்தேன் கூட்டம் அந்தப் புளிப்பில் முடங்கிவிடும். வாரத்தில் ஆறு நாள் அளவான அறுப்பு, ஞாயிற்றுக்கிழமை பல மடங்கு என்பது தமிழ்நாட்டின் வழக்கம். பக்ரீத், தீபாவளி நாட்களில் அது இன்னும் ஏறும். அந்தக் கழிவை அன்றே கலனுக்குள் தள்ளுவதுதான் புதிதாக வந்தவர் செய்யும் காரியம். ஒரு சேமிப்புத் தொட்டி கட்டி, ஞாயிற்றுக்கிழமைக் கழிவை வியாழன் வரை பிரித்து ஊட்டுவதுதான் பழகியவர் முறை.

ரத்தமும் குடலும் புரதம் நிறைந்தவை. புரதம் சிதைந்தால் அமோனியா வரும். கரைசலில் லிட்டருக்கு 3,000 மில்லிகிராமை அமோனியா நெருங்கும்போது மீத்தேன் நுண்ணுயிர்கள் திணறத் தொடங்கும். வெப்பமும் காரத்தன்மையும் கூடக்கூட அந்தத் திணறல் முன்னதாகவே வரும். 50 பாகைக்கு மேல் சூடாக்கி ஓட்டும் கலன் வேகமாகச் செரிக்கும் என்றாலும், இறைச்சிக் கழிவுக்கு 35 பாகை அளவில் ஓடும் கலனே பத்திரமானது. சமவெளித் தமிழ்நாட்டில் அந்தச் சூட்டைப் பெரும்பாலும் வெயிலே தந்துவிடும். அமோனியாவைக் குறைக்க எளிய வழி நீர் கலப்பது. அல்லது இரைப்பைக் கூழ், காய்கறிச் சந்தைக் கழிவு போன்ற புரதம் குறைந்த தீனியைச் சேர்ப்பது. இறைச்சிக் கூடமும் காய்கறிச் சந்தையும் அருகருகே உள்ள ஊரில் இரண்டுக்கும் ஒரே கலன் கட்டுவதே சரியான முடிவு. கொழுப்பு தரும் தொல்லை வேறுவகை. அது சிதையும்போது வரும் நீண்ட சங்கிலி அமிலங்கள் நுண்ணுயிர்த் திரள்களின் மேல் பூச்சாகப் படிந்து அவற்றை மிதக்கச் செய்யும். நீர் கீழிருந்து மேலேறும் கலன்களில் நுண்ணுயிர்கள் அப்படியே நீரோடு வெளியேறிவிடும். கலன் காலியாகிவிட்டது என்பதே சில நாள் கழித்துத்தான் தெரியும்.

கெடப்போகும் கலன் முன்கூட்டியே சொல்லிவிடும். அமிலத்தன்மை அளவான பிஎச் 7-க்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கக்கூடாது, ஏனென்றால் அது கடைசியில் இறங்கும் அளவு. அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தை வாரம் இருமுறை அளப்பவருக்கு இரண்டு வாரம் முன்பே செய்தி வந்துவிடும். 0.3 வரை நலம், 0.4 தாண்டினால் தீனியைக் குறைக்க வேண்டும். ஆய்வகம் இல்லாத ஊரில் அடுப்புச் சுடர் அந்த வேலையைச் செய்கிறது. நல்ல வாயு நீலமாக, பர்னரோடு ஒட்டி எரியும். கரியமில வாயு கூடினால் சுடர் பர்னரை விட்டு எழும்பித் துடித்து அணையும். கரைசல் வெளியேறும் வாயில் நுரை ஏறுவதும், சாணமணம் போய்ப் புளித்த மணம் வருவதும் அடுத்த அறிகுறிகள். அந்த நேரத்தில் சுண்ணாம்பைக் கொட்டுவது பலருக்கும் தோன்றும் வைத்தியம். அது பிஎச்சை மட்டும் தூக்கிக் காட்டும், நோய் உள்ளேயே இருக்கும். தீனியை நிறுத்திக் காத்திருப்பதுதான் மருந்து.

நோய்க்கிருமியைப் பற்றிய விதிகள் ஐரோப்பாவில் மாட்டுப் பைத்திய நோய்க்குப் பிறகு கடுமையாயின. 2002-இல் வந்த ஒழுங்குமுறையும், அதற்குப் பதிலாக 2009-இல் வந்ததும் விலங்குக் கழிவை மூன்று வகையாகப் பிரித்தன. உண்ணத் தகுந்த விலங்கிலிருந்து வந்த மூன்றாம் வகையை 12 மில்லிமீட்டருக்குள் அரைத்து 70 பாகையில் ஒரு மணி நேரம் வைத்த பின் கலனில் விடலாம். இரண்டாம் வகையை 133 பாகையில், அழுத்தத்தின் கீழ், 20 நிமிடம் வேகவைக்க வேண்டும். முதல் வகை எரியுலைக்குரியது. இந்தியச் சிறு கூடங்களில் 70 பாகைக்குச் சூடாக்குவதற்குக் கலனின் வாயுவையே ஒதுக்கலாம், அந்தச் செலவு தகும். ஒன்றை மட்டும் இந்த 70 பாகைச் சூடு ஈடு செய்யாது. அடைப்பான் நோயால் செத்த விலங்கின் ரத்தத்திலும் உடலிலும் உருவாகும் நுண்வித்துகள் 70 பாகையில் சாவதில்லை. மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும். எனவே கால்நடை மருத்துவர் உயிரோடு பார்த்துத் தேர்ந்த விலங்கின் கழிவு மட்டுமே கலனுக்குரியது. நோயுற்றுச் செத்த விலங்கைக் கூடத்துக்கு வெளியேதான் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும்.

கலனிலிருந்து வரும் வாயுவில் 55 முதல் 70 விழுக்காடு மீத்தேன். புரதத்திலுள்ள கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாக மாறி அதோடு வரும். சாண வாயுவைவிட இறைச்சிக் கழிவு வாயுவில் அது அதிகம். அழுகிய முட்டை வாடை இதனுடையது. பர்னரையும் குழாயையும் அரிக்கும், இன்ஜின் எண்ணெயைப் புளிக்க வைக்கும். லேத் பட்டறையில் விழும் இரும்புச் சுருளைத் துருப்பிடிக்கவிட்டு ஒரு பீப்பாயில் அடைத்து வாயுவை அதன் வழியே செலுத்துவது எளிய வழி. துரு கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு கறுத்துவிடும். பழைய சுருளை வெளியே எடுத்து ஈரப்படுத்தாமல் குவித்து வைத்தால் காற்றுப் பட்டுத் தானே சூடாகிப் பற்றிக்கொள்ளும் என்பதைப் புதிய ஆட்களுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இந்த ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும். குறைந்த அளவில் நாறுகிறது. காற்றில் 100 பிபிஎம்மைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாமல் போகும். சில நூறு பிபிஎம்மில் மயக்கம், அதற்கும் மேலே சில மூச்சுகளிலேயே மரணம். ரத்தத் தொட்டியிலோ கரைசல் குழியிலோ அடைப்பெடுக்க ஒருவர் இறங்கி விழுவார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார். இருவரும் திரும்ப மாட்டார்கள். சாக்கடைக் குழிகளில் நடந்த இத்தகைய சாவுகளுக்குப் பிறகும் எரிவாயுக் குழிகளில் அதே முறையில் ஆளை இறக்குவது மன்னிக்க முடியாதது. வாயு அளக்கும் கருவி, காற்று செலுத்தும் விசிறி, இடுப்புக் கயிறு, மேலே இருவர் இல்லாமல் எந்தக் குழிக்குள்ளும் தலையை நீட்டக்கூடாது. மேலே இருந்தே கழற்றக்கூடிய பம்ப்பும் வால்வும் கட்டும்போதே வைத்துவிட்டால் இறங்கும் தேவையே வராது. கட்டடச் செலவில் அது மிகச் சிறிய கூடுதல்.

எவ்வளவு வாயு கிடைக்கும் என்பதை ஒரு சிற்றூர் அளவில் கணக்கிட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 100 ஆடு அறுபடும் கூடத்தில் 300 கிலோ இரைப்பைக் கூழ் சேரும். சாணத்தைப்போல் கிலோவுக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 12 கன மீட்டர் வாயு. விற்காத ரத்தம் 100 லிட்டர் என்றால் இன்னொரு 10 கன மீட்டர். பக்கத்துக் கோழிக்கடைகளிலிருந்து 100 கிலோ குடல் சேர்ந்தால் மேலும் 15. மொத்தம் 37 கன மீட்டர். ஒரு கன மீட்டர் வாயு 0.4 கிலோவுக்குச் சற்றே கூடுதலான சமையல் எரிவாயுவுக்குச் சமம் என்பதால், இது நாள்தோறும் 14.2 கிலோ கொண்ட வீட்டு சிலிண்டர் ஒன்றைவிடக் கொஞ்சம் அதிகம். அமோனியா கட்டுக்குள் இருக்க இந்த 500 கிலோ கழிவைத் தரை கழுவிய நீரோடு சேர்த்து 2,000 லிட்டராக்க வேண்டும். 40 நாள் தங்க வேண்டுமானால் கலன் 80 கன மீட்டர். கலனின் பருமனைத் தீர்மானிப்பது கழிவின் எடையைவிட அதில் கலக்க வேண்டிய நீர் என்பது இந்தக் கணக்கில் தெளிவாகத் தெரியும்.

நாளுக்கு ஒரு சிலிண்டர் என்பது ஊருக்கே வெளிச்சம் தராது. ஆனால் இடத்தைச் சரியாகத் தேர்ந்தால் வீணாகாது. முதல் உரிமை கூடத்துக்கே. கத்திகளைச் சுத்திகரிக்க 82 பாகை வெந்நீர் வேண்டும், தரை கழுவவும் வெந்நீர் வேண்டும், கோழி முக்கி எடுக்கவும் வேண்டும். இன்று அதற்கு விறகோ மின்சாரமோ செலவாகிறது, அல்லது வெந்நீரே இல்லாமல் வேலை நடக்கிறது. அடுத்து, சில நூறு மீட்டருக்குள் இருக்கும் தேநீர்க் கடை, உணவகம், விடுதிச் சமையலறை. கலனின் அழுத்தம் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் நீர்மட்ட அளவுதான், அதற்கு மேல் தூரம் போக ஊதுகருவி வேண்டும். குழாயைச் சரிவாகப் போட்டுத் தாழ்ந்த இடத்தில் நீர் வடிக்கும் குப்பி வைக்காவிட்டால், இரவின் குளிரில் ஈரம் படிந்து காலையில் சுடர் விட்டுவிட்டு எரியும். சிலிண்டர் அடுப்பின் சிறிய துளை இந்த வாயுவுக்குப் போதாது. பெரிய துளையுள்ள பர்னர் வாங்கித்தர வேண்டும். மின்சாரமாக மாற்றினால் ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு யூனிட் கிடைக்கும். சிறிய கூடத்தில் ஜெனரேட்டர் பராமரிப்பு அந்த லாபத்தைத் தின்றுவிடும், எனவே அங்கே அடுப்பே நல்லது. இறைச்சிக் கழிவில் வந்த வாயுவில் தங்கள் சாப்பாடு வேகக்கூடாது என்று தயங்கும் மக்களும் உண்டு. அவர்களோடு வாதாடிப் பயனில்லை. அத்தகைய தெருவுக்கு மட்டும் விளக்குக்கான மின்சாரமாகக் கொடுப்பதே முறை. கேரளத்தில் பயோடெக் நிறுவனம் சந்தைகளில் அமைத்த கலன்கள் அவ்வழியில் மீன், இறைச்சிக் கழிவிலிருந்து சந்தை விளக்குகளை எரித்தன. 2007-இல் அந்த நிறுவனத்துக்கு ஆஷ்டன் விருது கிடைத்தது.

பெரிய அளவில் இதை ஊர்ப்பொதுவாக்கிக் காட்டியது சுவீடனின் லின்ஷோப்பிங் நகரம். டீசல் பேருந்துப் புகையால் அவதிப்பட்ட அந்நகரில் 1990-களின் நடுவில் நகராட்சியின் நிறுவனம், இறைச்சி நிறுவனம், உழவர் அமைப்பு மூவரும் பங்குதாரர்களாகச் சேர்ந்து கலன் அமைத்தார்கள். கழிவு தருபவர், வாயு வாங்குபவர், மிச்சக் கரைசலை வயலுக்கு எடுப்பவர் மூவரும் ஒரே கணக்கில் அமர்ந்ததுதான் அந்தத் திட்டத்தின் பலம். தொழில்நுட்பம் மற்ற ஊர்களிலும் இருந்தது. வாயுவைச் சுத்திகரித்து நகரப் பேருந்துகளில் செலுத்தினார்கள். 2005-இல் லின்ஷோப்பிங்குக்கும் கடலோர ஊரான வெஸ்டர்விக்குக்கும் இடையே அதே வாயுவில் ஒரு ரயிலும் ஓடியது. இதுவே உலகின் முதல் உயிரி எரிவாயு ரயில்.

நைஜீரியாவின் இபாடான் நகரில் போடிஜா சந்தை இறைச்சிக் கூடம் வேறொரு பாடம். ரத்தமும் சாணமும் சுத்திகரிக்கப்படாமல் ஓடைக்குள் போய், சுற்றியுள்ளோரின் கிணறுகளைக் கெடுத்துவந்த இடம் அது. பொறியாளர் ஜோசப் அடெலெகன் முன்னெடுத்த திட்டம் 2005-இல் சீட் விருது பெற்றது. கலனின் தொழில்நுட்பம் தாய்லாந்தின் தோன்புரி மோங்குட் மன்னர் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. உள்ளே நிரப்பிய பொருளின் மேல் நுண்ணுயிர்கள் படலமாக ஒட்டிக்கொள்ளும் வகைக் கலன் என்பதால், கொழுப்பால் மிதந்து வெளியேறும் தொல்லை அதில் குறைவு. தாய்லாந்தில் அது மரவள்ளி மாவு ஆலைக் கழிவுநீருக்காக வளர்ந்த தொழில்நுட்பம். சேலத்து ஜவ்வரிசி ஆலைக்காரர்களுக்கு அந்தக் கழிவுநீர் நன்றாகப் பழக்கம். ஏழைக் குடும்பங்களுக்கு மலிவான சமையல் வாயு தருவதே இபாடானின் நோக்கம். பிற்காலத்தில் மாநில அரசு கூடத்தை நகருக்கு வெளியே அமோசுன் கிராமத்துக்கு மாற்ற முனைந்து, இறைச்சிக்காரர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. கலன் கூடத்தோடு கட்டப்பட்டது. கூடம் நகர்ந்தால் தீனி நகர்ந்துவிடும். கூடம் எத்தனை ஆண்டு அதே இடத்தில் இருக்கும் என்ற கேள்விக்குப் பதிலை எழுதி வாங்கிக்கொண்ட பிறகே கலனுக்கு அடித்தளம் தோண்ட வேண்டும்.

இந்தியாவில் 1990-களில் மத்திய அரசும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் தொழிற்கழிவிலிருந்து வாயு எடுக்கும் முயற்சிகளை ஊக்குவித்தன. அப்போதைய மேடக் மாவட்டத்து ருத்ராரத்தில் எருமை இறைச்சி ஏற்றுமதி ஆலையில் இது நடைமுறைக்கு வந்தது, சென்னையின் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அத்துறையில் உழைத்தது. ஏற்றுமதி ஆலைகளுக்கு ஆள், ஆய்வகம், பணம் எல்லாம் உண்டு. நகராட்சிக் கூடங்களுக்கு அவை இல்லை என்பதால் அங்கே கலனைக் கட்டும் ஒப்பந்தத்திலேயே ஐந்தாண்டு இயக்கமும் சேர்ந்திருக்க வேண்டும். கட்டி ஒப்படைத்துவிட்டுப் போகும் முறை இதற்குப் பொருந்தாது.

வாயு போன பிறகு மிஞ்சும் கரைசலில் தழைச்சத்து அப்படியே இருக்கிறது, பெரும்பாலும் பயிர் உடனே எடுத்துக்கொள்ளும் அமோனிய வடிவில். சாணக் கரைசலைவிட இது காரமானது என்பதால் நீர் கலந்து பாய்ச்ச வேண்டும். நேராக ஊற்றினால் இளம்பயிர் கருகும். தீவனப்புல், வாழை, தென்னை, கரும்பு ஆகியவற்றுக்கு நன்றாகப் பிடிக்கும். பச்சையாகத் தின்னும் கீரைக்கும் வெங்காயத்துக்கும் விடக்கூடாது. வெயிலில் தெளித்தால் அமோனியா காற்றோடு போய்விடும், மாலையில் பாய்ச்சி மண்ணோடு கலப்பது நல்லது. மழைக்காலத்தில் வயல் ஏற்காது. இரண்டு மாதக் கரைசலைத் தேக்க மூடிய தொட்டி இல்லாவிட்டால், வாய்க்காலுக்குப் போகாமல் தடுத்த மாசு கலனைத் தாண்டி அதே வாய்க்காலுக்குப் போய்ச் சேரும். அந்தத் தொட்டியிலும் கொஞ்சம் வாயு ஊறிக்கொண்டிருக்கும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட மீத்தேன் 27 மடங்குக்கு மேல் சூடேற்றக்கூடியது என்பதால், அந்த மூடியிலிருந்தும் ஒரு குழாய் எடுத்து அடுப்போடு இணைப்பது வழக்கம். அடுப்பு எரியாத நேரத்தில் மிஞ்சும் வாயுவைச் சும்மா திறந்துவிடாமல் கொளுத்திவிட ஒரு சுடர்க்குழாயும் கூடத்தின் ஓரத்தில், ஆளும் ஆடும் போகாத பக்கத்தில் நிற்கும்.